ஐந்தரை மாதக் குழந்தைக்குத் தட்டைத் தலை: ஹெல்மெட் போட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை மாதம் ஆகிறது. முதல் குழந்தை, மாதம் நிறைந்து பிறந்தவன். செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பத்துமலையில் முடி இறக்கிய பிறகுதான் அவன் தலையின் வலப்புறப் பின்பகுதி தட்டையாக இருப்பதும், வலது காது சற்று முன்னால் தள்ளியிருப்பதும் கண்ணில் பட்டன. ஒரு தனியார் மையத்தில் ஸ்கேன் செய்தார்கள். தலையின் ஒரு மூலைவிட்டம் 136 மில்லிமீட்டர், மற்றது 126 மில்லிமீட்டர் என்றும், இந்த மாதமே ஹெல்மெட் போடாவிட்டால் தலை இப்படியே நின்றுவிடும் என்றும் சொல்லி 12,000 ரிங்கிட் கேட்கிறார்கள். முடி வளர்ந்தால் மறைந்துவிடும் என்கிறார் கணவர். கடுகுத் தலையணை வைத்திருந்தால் இது வந்தே இருக்காது என்கிறார் மாமியார். மூளை வளர்ச்சி பாதிக்கப்படுமா? நான் கவனிக்காமல் விட்டதால் வந்ததா? குழந்தை தூங்கும் இடத்தையும், தலையை மேலிருந்து பார்க்கும் கோணத்தையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் பணம் கட்ட வேண்டாம். முடி வளர்ந்தால் மறைந்துவிடும் என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம். குழந்தை நல மருத்துவர் ஒருவர் உங்கள் மகனின் தலையையும் கழுத்தையும் கையால் தொட்டுப் பரிசோதிக்கட்டும். படுக்கும் நிலையால் வந்த தட்டைதான் என்று அவர் உறுதி செய்தால், கழுத்துக்கான பிசியோதெரபியையும் வீட்டில் சில மாற்றங்களையும் உடனே தொடங்கி, ஐந்து வாரம் கழித்து அதே முறையில் மீண்டும் அளந்து பாருங்கள். ஹெல்மெட் வேண்டுமா என்பதை அன்றைக்கு முடிவு செய்யலாம். அப்போதும் அவனுக்கு ஏழு மாதம் நிறைந்திருக்காது, ஆகவே நீங்கள் அஞ்சுவதுபோல் காலம் கடந்துவிடாது.

மருத்துவரின் கை முதலில் பட வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பச்சைக் குழந்தையின் மண்டையோடு பல எலும்புத் தகடுகளால் ஆனது. அவற்றுக்கு இடையிலுள்ள இணைப்புக் கோடுகள் திறந்திருப்பதால்தான் வளரும் மூளைக்கு இடம் கிடைக்கிறது. அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு இந்தக் கோடுகளில் ஒன்று முன்கூட்டியே மூடிக்கொள்கிறது. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் இது நேர்கிறது. அவற்றிலும் பின்தலையைத் தட்டையாக்கும் கோடு மூடுவது மிக அரிது. ஆனாலும் அதற்கு வைத்தியம் அறுவை சிகிச்சை என்பதால், அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் வெறும் ஹெல்மெட்டை மாட்டுவது பிழை. மேலிருந்து பார்க்கும்போது, படுக்கையால் வந்த தட்டையில் தலை ஓர் இணைகரம்போல் சாய்ந்திருக்கும். தட்டையான பக்கத்துக் காதும் நெற்றியும் முன்னோக்கித் தள்ளப்பட்டிருக்கும். கோடு மூடிய குழந்தைக்கோ அதே பக்கத்துக் காது பின்னோக்கியும் கீழிறங்கியும் இருக்கும். காதுக்குப் பின்னால் எலும்பு புடைத்திருக்கும். மூடிய கோட்டின்மேல் விரலை ஓட்டினால் வரம்புபோல் ஒரு மேடு தட்டுப்படும்.

உங்கள் மகனின் படத்தில் வலது காதும் வலது நெற்றியும் முன்னால் வந்திருப்பது முதல் வகையோடு ஒத்துப்போகிறது. இருந்தாலும் படத்தை வைத்து நான் உறுதி சொல்ல மாட்டேன், வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆறாவது மாத நியூமோகோக்கல் தடுப்பூசிக்கு எப்படியும் அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போவீர்கள். குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் தலைச் சுற்றளவு ஒவ்வொரு முறையும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த வளைகோடு ஒரே பாதையில் ஏறுகிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அங்கிருந்தே துங்கு அசிசா மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். செந்தூலிலிருந்து அது தொலைவும் இல்லை. உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, தலைச் சுற்றளவு திடீரென ஏறினாலோ, ஏறாமல் நின்றாலோ, குழந்தை காரணமின்றித் தொடர்ந்து வாந்தியெடுத்தாலோ தடுப்பூசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது கழுத்து. தட்டைத் தலையோடு என்னிடம் வரும் பெற்றோர் தலையைப் பற்றியே பேசுவார்கள். நான் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பேன். பல குழந்தைகளுக்குக் கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகியிருக்கும். அதனால் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிப் படுப்பார்கள். அந்தப் பக்கம் தட்டையாகும். தட்டையான பிறகு தலை தானாகவே அந்தப் பக்கம் உருண்டு நிற்கும். வீட்டிலேயே இதைக் கவனிக்கலாம். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒருவர் தோள்களை மெதுவாகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அவனுக்குப் பிடித்த பொருளை முகத்துக்கு நேரே காட்டி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நிதானமாக நகர்த்த வேண்டும். இந்த வயதில் முகவாய் தோள்வரை இரு பக்கமும் தடையின்றிப் போக வேண்டும். வலப்பக்கம் எளிதாகப் போய், இடப்பக்கம் பாதியில் நின்று, உடனே உடம்பையே புரட்ட முயன்றாலோ சிணுங்கினாலோ கழுத்துத் தசை இறுகியிருக்கக்கூடும். கையால் திருப்பிப் பார்க்காதீர்கள். நீட்சிப் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் செய்துகாட்டிய பிறகு நீங்கள் செய்வதுதான் சரி. கழுத்து இறுக்கம் தீராத குழந்தைக்கு ஹெல்மெட்டை மாட்டினால், அது கழன்ற பிறகும் அவன் பழைய பக்கத்திலேயே படுப்பான். ஸ்கேன் எடுத்தவர்கள் கழுத்தைச் சோதித்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு மிகவும் உறுத்தியது அதுதான்.

இனி எண்களுக்கு வருவோம். இரு மூலைவிட்டங்களின் வித்தியாசமான 10 மில்லிமீட்டரைப் பெரிய அளவான 136-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 7.4 வரும். அமெரிக்காவின் அட்லாண்டா குழந்தைகள் மருத்துவமனை வகுத்த அளவுகோல் பல இடங்களில் பயன்படுகிறது. அதில் 3.5-க்குக் கீழே இருப்பது இயல்பு; 3.5 முதல் 6.25 வரை இலேசானது, 6.25 முதல் 8.75 வரை நடுத்தரம். அதற்குமேல் கடுமை, 11-ஐத் தாண்டினால் மிகக் கடுமை. உங்கள் மகன் நடுத்தரப் படியின் நடுவில் இருக்கிறான். படுக்கும் நிலையை மாற்றுவது, ஹெல்மெட் போடுவது ஆகிய இரண்டுக்குமே அந்த அளவுகோல் இடம் கொடுப்பது இந்தப் படியில்தான். வயதையும் இதுவரை செய்த முயற்சியையும் பார்த்துத் தீர்மானிக்கச் சொல்கிறது. நீங்கள் இதுவரை எந்த முயற்சியும் செய்யவில்லை, செய்யச் சொல்லி யாரும் வழிகாட்டவும் இல்லை. ஸ்கேனின்போது குழந்தை அசைந்தாலோ, மூலைவிட்டம் எடுக்கும் புள்ளி சற்று நகர்ந்தாலோ ஓரிரு மில்லிமீட்டர் மாறிவிடும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரே ஒரு அளவீட்டைக் கொண்டு 12,000 ரிங்கிட் செலவை முடிவு செய்ய நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஹெல்மெட்டுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், இரு தரப்பும் மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2014-இல் வெளிவந்த அந்த ஆய்வில், நடுத்தரம் முதல் கடுமை வரை தட்டைத் தலை கொண்ட, ஐந்து முதல் ஆறு மாத வயதுள்ள 84 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஹெல்மெட் போட்டார்கள். மறு பிரிவை இயற்கையிடம் விட்டார்கள். இரண்டு வயதில் அளந்தபோது முழுமையாகச் சரியானவர்கள் ஹெல்மெட் போட்டவர்களில் 26 விழுக்காடு, போடாதவர்களில் 23 விழுக்காடு. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். ஹெல்மெட் போட்ட பெற்றோர் அனைவரும் தோல் எரிச்சல், துர்நாற்றம், வியர்வை, பிள்ளையை அணைத்துக்கொள்ள முடியாத வருத்தம் என்று ஏதாவது ஒரு பக்கவிளைவைச் சொன்னார்கள்.

இதை மட்டும் படித்துவிட்டு ஹெல்மெட் வீண் என்று முடிவு கட்டுவதும் அவசரம். அந்த ஆய்வில் பெரும்பாலான ஹெல்மெட்டுகள் தலையில் சரியாகப் பொருந்தாமல் நகர்ந்தன என்று அதை நடத்தியவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்; மிகக் கடுமையான தட்டையும் கழுத்து இறுக்கமும் உள்ள குழந்தைகள் அதில் சேர்க்கப்படவே இல்லை. அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் பேரவை 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிசியோதெரபியும் படுக்கை மாற்றமும் செய்து பார்த்த பிறகும் நடுத்தர அல்லது கடுமையான தட்டை நீடித்தாலோ, குழந்தை வயது கூடிய பிறகே சிகிச்சைக்கு வந்தாலோ ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. நான் பின்பற்றுவது இந்த வரிசையைத்தான். இலேசான தட்டைக்கு ஹெல்மெட் தேவையில்லை. மிகக் கடுமையானதற்கு நான் தயங்காமல் எழுதிக்கொடுப்பேன். நடுவில் இருப்பவர்களுக்கு முதலில் கழுத்து, பிறகு அளவு, அதன் பிறகே ஹெல்மெட்.

இயற்கையாக எவ்வளவு சரியாகும் என்பதற்கு நியூசிலாந்தில் 200 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து இரண்டு வயதுவரை தொடர்ந்து அளந்த ஆய்வைப் பார்க்கலாம். நான்காம் மாதத்தில் ஐந்தில் ஒரு குழந்தைக்குத் தட்டைத் தலை இருந்தது. இரண்டு வயதில் அது மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேலாகக் குறைந்தது. குழந்தை உட்காரத் தொடங்கியதும் பின்தலைமேல் விழும் பாரம் போய்விடுகிறது அல்லவா? ஆனால் அந்தக் குழந்தைகளில் பலருக்கு இலேசான தட்டைதான் இருந்தது என்பதால், உங்கள் மகனுக்கும் அப்படியே ஆகிவிடும் என்று இதைக் கொண்டு நான் வாக்குக் கொடுக்க முடியாது.

ஹெல்மெட் தலையை நசுக்கிச் சரிசெய்வதில்லை. புடைத்த பக்கத்தை மெல்லத் தொட்டுக்கொண்டு, தட்டையான பக்கத்தில் வெற்றிடம் விட்டு, தலை வளரும்போது அந்த வெற்றிடத்தை நோக்கி வளரச் செய்கிறது. புடலங்காய் வளரும்போதுதான் நுனியில் கல் கட்டுவார்கள். முற்றிய காயில் கட்டிப் பயன் இல்லை. பிறந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் தலைச் சுற்றளவு ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர் கூடுகிறது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை கூடுவது மூன்று சென்டிமீட்டர் அளவே. எனவே சீக்கிரம் தொடங்குவது நல்லது என்று அந்த மையத்தார் சொன்னதில் உண்மை இருக்கிறது. இந்த மாதமே என்பது மிகை. ஏழாம் மாதத்துக்குள் தொடங்கினால் ஹெல்மெட் வேலை செய்யப் போதிய வளர்ச்சி மீதமிருக்கும்; ஒரு வயதை நெருங்கியபின் வந்தால்தான் நானே வேண்டாம் என்று திருப்பி அனுப்புவேன்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் குழந்தையின் கட்டில் இடப்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறது. வலப்பக்கம் சன்னல், கதவு, உங்கள் படுக்கை, தொங்கும் பொம்மை எல்லாம் இருக்கின்றன. அவன் ஏன் வலப்பக்கமே திரும்புகிறான் என்பதற்குப் பாதி விடை அந்தப் படத்திலேயே கிடைத்துவிட்டது. தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் படுக்கவையுங்கள். இப்போது சன்னலும் உங்கள் முகமும் அவனுக்கு இடப்பக்கம் வரும். சுவர் வலப்பக்கம் போகும். புட்டியில் பால் கொடுக்கும்போது வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் பிள்ளையை இடக்கையில் ஏந்துவார்கள். அப்போது குழந்தை உங்களைப் பார்க்க வலப்பக்கம்தான் திரும்ப வேண்டியிருக்கும். முதலில் கொஞ்சம் தடுமாறினாலும் வலக்கையில் ஏந்திக் கொடுங்கள். ஐந்து வாரத்தில் இந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்து செய்வது சிறிதல்ல.

விழித்திருக்கும்போது குப்புறப் படுக்கவைத்து, எதிரே நீங்களும் தரையில் படுத்துப் பேச்சுக் கொடுங்கள். அவன் அழுதால் உங்கள் நெஞ்சின்மேல் குப்புறப் போட்டுக்கொள்வதும் கணக்கில் சேரும். ஒரேயடியாக நீட்டிக்காமல் குளிக்கும் முன்பு, டயாப்பர் மாற்றிய பிறகு எனப் பல தடவையாகப் பிரித்துச் செய்தால் இரு தரப்புக்கும் அழுகை குறைவு. காரில் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், பாதுகாப்புக்கு அது வேண்டும். ஆனால் வீடு வந்ததும் தூங்குகிறானே என்று அதிலேயே விட்டுவைக்காதீர்கள். ஸ்பிரிங் தொட்டிலுக்கும் இதுவே பொருந்தும். நம் வீடுகளில் தொட்டில் இல்லாமல் பிள்ளை வளர்ப்பதை நினைத்துப் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். என்றாலும், துணி தலையைச் சுற்றி அணைத்துக்கொள்வதால் அவன் தலையைத் திருப்பவே வழியில்லை. முகவாய் நெஞ்சில் இடிக்கும்படி குழந்தை சுருண்டும் போகிறது. தட்டையான, கெட்டியான மெத்தைதான் அவன் தூங்கும் இடமாக இருக்க வேண்டும்.

தூங்கவைக்கும்போது மல்லாக்கப் படுக்கவைப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தட்டைத் தலையைப் பார்த்துப் பயந்து சிலர் இரவில் குப்புறப் போடத் தொடங்குகிறார்கள், அது ஆபத்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992-இல் குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று பரிந்துரைத்த பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் அந்நாட்டில் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. தட்டைத் தலைகள் கூடியதும் அதன் பின்னர்தான். ஒரு மரணத்தோடு ஒப்பிட்டால் தட்டைத் தலை எந்தத் தாயும் ஏற்றுக்கொள்ளக்கூடிய விலை. மல்லாந்த நிலையிலிருந்து குப்புறவும், குப்புறவிருந்து மல்லாக்கவும் தானே புரளத் தெரிந்த பிறகு, இரவில் அவனாகவே புரண்டு குப்புறப் படுத்தால் எழுந்து திருப்பிப் போட வேண்டியதில்லை.

கடுகுத் தலையணை விஷயத்தில் உங்கள் மாமியாரின் அக்கறையை மதிக்கிறேன். அவர் காலத்தில் அதைத்தான் எல்லோரும் செய்தார்கள். ஆனாலும் ஒரு வயதுக்குள் தூங்கும் இடத்தில் எந்தத் தலையணையும் இருக்கக் கூடாது. மூக்கும் வாயும் அடைபட்டு மூச்சுத் திணற அது இடம் கொடுக்கும். தலை வடிவத்துக்கென்று விற்கப்படும் நடுவில் குழியுள்ள தலையணைகளையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-இல் பெற்றோரை எச்சரித்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தலையை உருட்டி அழுத்தி வடிவம் பிடிப்பதும் வேண்டாம். எண்ணெய்க் குளியலைத் தொடரலாம். மாமியாரிடம் இதை மறுப்பாகச் சொல்லாமல், தினமும் மாலையில் பேரனைக் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டும் பொறுப்பை அவருக்குக் கொடுத்துப் பாருங்கள்.

மூளையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படுக்கையால் வந்த தட்டை மூளையை நெருக்குவதில்லை. மூளை வளர வேண்டிய இடம் வேறு திசையில் கிடைத்துவிடுகிறது. தட்டைத் தலையுள்ள குழந்தைகளில் சிலர் புரளவும் உட்காரவும் கொஞ்சம் தாமதமாவது ஆய்வுகளில் தெரிகிறது. தட்டையால் தாமதம் வருகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. குறைவாக அசையும் குழந்தை அதிக நேரம் ஒரே நிலையில் படுப்பதால் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றே பெரும்பாலோர் கருதுகிறோம். உங்கள் மகன் புரள்கிறானா, இரு கைகளாலும் பொருளைப் பிடிக்கிறானா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் கவனக்குறைவு என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. ஆண் பிள்ளை, தலைச்சன் பிள்ளை, மல்லாக்கத் தூங்கும் பிள்ளை ஆகிய மூவருக்கும் இது அதிகம் வருவது பல நாடுகளிலும் கண்டது. உங்கள் மகன் மூன்றும்தான்.

ஐந்து வாரம் கழித்து, முதல் தடவை அளந்த அதே முறையில் அளக்கச் சொல்லுங்கள். அந்த மையத்திலேயே செய்வதிலும் தவறில்லை. தலைமுடியை நனைத்துப் படியவைத்து, மேலிருந்து ஒரே உயரத்தில் இன்றும் அன்றும் படமெடுத்துவைத்தால், எண்கள் குழப்பும்போது கண் உதவும். அளவு 6.25-க்குக் கீழே இறங்கியிருந்தால் ஹெல்மெட்டை மறந்துவிட்டுப் பயிற்சியைத் தொடருங்கள். இன்னும் ஏழுக்கு அருகில் இருந்தாலும் இறங்குமுகமாக இருந்தால் மேலும் மூன்று வாரம் பார்க்கலாம் என்பது என் கருத்து. இதில் என்னோடு உடன்படாத மருத்துவர்களும் உண்டு. அசையாமல் நின்றாலோ கூடினாலோ, முன் நெற்றியின் சாய்வு உங்களை உறுத்தினாலோ ஹெல்மெட் போடுவது நியாயமான முடிவு; அப்போது கணவரும் தடை சொல்லக் கூடாது.

அப்படிப் போடுவதானால் பணம் கட்டும் முன் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டத்தின்கீழ் அந்தக் கருவி பதிவு பெற்றதா, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்பக்கத்தைச் செதுக்கிச் சரிசெய்யும் கட்டணம் அந்த 12,000 ரிங்கிட்டில் அடங்குமா, அதைச் செய்பவர் யார், தலை சீக்கிரம் வளர்ந்து ஹெல்மெட் பற்றாமல் போனால் இரண்டாவதற்கு மீண்டும் முழுப் பணம் கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். ஒரு நாளில் 23 மணி நேரம், மூன்று நான்கு மாதம் போட வேண்டிய பொருள் அது. நம் ஊர் வெக்கையில் முதல் வாரம் தலை நனைந்து வழியும், வேர்க்குரு வரும். குளிக்கக் கழற்றும் ஒரு மணி நேரத்தில் தலையையும் ஹெல்மெட்டின் உட்புறத்தையும் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும்; பவுடர் போடக் கூடாது. கழற்றியதும் தெரியும் சிவந்த தடம் ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால் கவலையில்லை. மறையாவிட்டாலோ தோல் உரிந்தாலோ மறுபடி மாட்டாமல் அன்றே அழைத்துப் போய்ச் சரிசெய்ய வேண்டும். அதற்கு உங்கள் வீட்டிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய மையமா என்பதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.